வாயைப் பிளந்த சிப்பிகள்

கப்பலுக்கு மூச்சு முட்டுகிறது என்று முதலில் சொன்னது டமாரம்தான். சொன்னது என்ன சொன்னது, கீழே இன்ஜின் அறையில் நின்று அவன் கத்தியதில் மேல்தளத்துக் கேண்டீனில் அடுக்கியிருந்த டம்ளர்களே ஒரு தடவை அதிர்ந்து அடங்கின.

டமாரம் என்பது பட்டப்பெயர்; அந்தக் கேண்டீனை நடத்துகிறவளின் கொழுந்தன் அவன். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. வீட்டில் அவன் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வரும். கப்பலில் அவன் ஃபிட்டர். அவனுடைய அண்ணன், அதாவது அவளுடைய கணவர், சீஃப் இன்ஜினியர். ஊரே அவரை சீஃப் என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் மேலே கேண்டீனில். ஆக, கப்பலில் பாதி குடும்பம். மீதிப் பாதி, அந்தக் குடும்பத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்.

கப்பல் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வளைகுடாவின் இந்தக் கரையில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அந்தக் கரையில் இறக்கிவிட்டு வரும் கிழட்டுப் பயணிக் கப்பல். அதன் இன்ஜினைக் குளிர வைப்பது கடல்தண்ணீர். அடியில் இருக்கும் ஒரு வாய் வழியாக உள்ளே வந்து, குழாய் குழாயாகச் சுற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும். தண்ணீர் மட்டும் வந்தால் பரவாயில்லை. கூடவே கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சுகளும் வரும். குழாய்க்குள் துரத்துவதற்கு மீன் கிடையாது, சாப்பாடு தண்ணீரோடு தானாக வந்து வாயில் விழுகிறது. இப்படி ஒரு இடம் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஒட்டிக்கொண்டு, ஓடு வளர்த்து, பிள்ளை குட்டி பெற்று, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி உட்கார்ந்து, கடைசியில் தண்ணீர் போகவே வழி இருக்காது.

இதைத் தடுப்பதற்காகவே குழாயின் வாயில் செப்புத் தண்டுகள் வைத்திருப்பார்கள். அவற்றில் கொஞ்சம் மின்சாரம் விட்டால் செம்பு இம்மி இம்மியாகத் தண்ணீரில் கரையும். அந்த ருசி சிப்பிக் குஞ்சுகளுக்கு ஆகாது. உள்ளே வந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒட்டாமல் தண்ணீரோடு வெளியே போய்விடும். அந்த மின்சாரப் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். சீஃப் தினமும் காலையில் அந்த விளக்கைத் துணியால் துடைப்பார். துடைத்துவிட்டு, “விளக்கு எரியுது, குழாய் சுத்தம்” என்பார்.

விளக்கு எரிந்தது உண்மைதான். மின்சாரம் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அந்த மின்சாரம் போய்ச் சேர அங்கே தண்டு இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?

டமாரம் தண்டைக் கழற்றி மேலே எடுத்து வந்தான். கை மொத்தம் இருக்க வேண்டிய தண்டு.

“அண்ணி, பல்லு குத்துறதுக்கு ஏதாவது வேணுமா?” என்று நீட்டினான்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே ஏறி வந்த சீஃபின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்த முகத்தில் ஈயாடவில்லை.

காரணம் இருந்தது. கப்பல் ஓடத் தகுதிதானா என்று சோதிக்க அடுத்த வாரம் சர்வேயர் வருகிறார். கப்பலை முழு வேகத்தில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஓட விட்டுப் பார்ப்பார்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் போதும், கப்பலை உடைக்க அனுப்பிவிடலாம் என்று கம்பெனி ஏற்கெனவே கையைக் கழுவிக்கொண்டு நின்றது. கப்பல் போனால் சீஃபுக்கு வேலை கிடைக்காமல் இருக்காது. கிடைக்கும். அதுதான் தொல்லையே. பழையபடி பெரிய கப்பலில், உலகத்தைச் சுற்றும் வேலை கிடைக்கும்.

பெரிய கப்பல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி முதல் பத்து வருஷம் அதைத்தான் பார்த்தாள். வருஷத்துக்கு ஒரு முறை ஒருத்தர் பெட்டியோடு வருவார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார். “ஸ்பூன் எங்க வச்சிருக்க?” என்று கேட்பார். ஸ்பூன் இருக்கும் இடம் பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும். அடுத்த தடவை வந்து மறுபடியும், “ஸ்பூன் எங்க வச்சிருக்க?” இந்தக் கிழட்டுக் கப்பலுக்கு வந்த பிறகுதான் அவர் ஒரு நாள், பேப்பர் படித்துக்கொண்டே, கேட்காமல், பார்க்காமல், சரியான இழுப்பறையைத் திறந்து ஸ்பூனை எடுத்தார். அன்றைக்கு அவள் சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். புதுத் தண்டு உடனே வந்துவிடும். ஆனால் தண்டு புதிதாக வருகிறவர்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே குடியிருப்பவர்களை யார் காலி செய்வது? குழாய்களைக் கழற்றிச் சுரண்டுவதற்கு நாள் போதாது.

“ஆசிட் ஊத்தலாமா?” என்றான் டமாரம்.

“ஊத்தலாம். சிப்பியும் போயிரும், குழாயும் போயிரும், அப்புறம் நாமளும் போயிரலாம்.”

அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள். “இதுக்கு ஏன் இவ்வளவு மண்டையை உடைச்சுக்கிறீங்க? சமைக்கிறப்ப சிப்பியைச் சுத்தியலால அடிச்சா திறக்கிறோம்? சுடுதண்ணியைக் காட்டினா தானா வாயைப் பொளக்குது.”

சீஃப் எழுந்து நின்றுவிட்டார். “ஏம்மா, இதை நீ மதியமே சொல்றதுக்கென்ன?”

“மதியம் நீங்க யாரோடயும் பேசலையே, சீஃப்.”

மறுநாளே காரியம் ஆரம்பமாயிற்று. வெளிவால்வை மூடி, உள்ளே இருக்கிற கடல்தண்ணீரையே சுற்றிச் சுற்றி விட்டு, ஜெனரேட்டரின் சூட்டிலேயே அதைக் காய வைத்தார் சீஃப். குளிரூட்டும் குழாய், தீயணைப்புக் குழாய், கழிவறைக்குப் போகும் குழாய் என்று ஒரு கிளை விடாமல் சுடுதண்ணீர் போயிற்று. தொட்டால் கை பின்னுக்கு வரும் அளவு சூடு. டமாரம் ஒவ்வொரு குழாயாகக் காதை வைத்து ஒட்டுக் கேட்டான்.

“அண்ணே, உள்ள சத்தமே இல்ல. எல்லாரும் செத்துட்டாங்க.”

“முன்னாடி மட்டும் பாட்டா பாடுனாங்க?”

சூடு ஆறியதும் வடிகட்டியைத் திறந்து பார்த்தார்கள். வாயைப் பிளந்த சிப்பிகள் ஒரு கை நிறைய. மூன்று பேரும் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார்கள்.

அந்த மூன்று பேரில் ஒருத்தருக்காவது ஒன்று தோன்றியிருக்க வேண்டும். செத்த சிப்பி செத்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அது ஒட்டியிருக்கும் நார் அழுகுவதற்குச் சில நாள் ஆகும். அழுகிய பிறகு ஒரு நல்ல உலுக்கு உலுக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் கையை விட்டுவிடும். கொல்லுவது வேறு, வெளியே அனுப்புவது வேறு. சமையலறையில் இந்த வித்தியாசம் கிடையாது. அங்கே எல்லாமே ஒரே பாத்திரத்தில் நடக்கிறது.

சர்வேயர் வரும் நாள் காலையில் அவள் கப்பலில் கால் வைத்ததும் மூக்கைப் பிடித்தாள். அழுகல் நாற்றம் குழாய்வழியாக எல்லா அறைக்கும் வந்திருந்தது. கேப்டன் வெள்ளைச் சீருடையில், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“கேண்டீன்ல என்னம்மா செத்துக் கிடக்கு?”

“கேண்டீன்ல ஒண்ணும் சாகல சார். சாகறதெல்லாம் கீழ, சீஃப் டிபார்ட்மென்ட்.”

நாற்றத்தை நாற்றத்தால்தான் மறைக்க முடியும் என்று அவள் முடிவெடுத்தாள். இருந்த வெங்காயத்தையெல்லாம் நறுக்கிப் பெரிய வாணலியில் போட்டு வதக்க ஆரம்பித்தாள். பொன்னிறமானதும் எடுத்து ஒதுக்கிவிட்டு அடுத்த ஈடு. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

சர்வேயர் ஒரு நடுவயதுப் பெண்மணி. மஞ்சள் ஹெல்மெட், கையில் டார்ச், வாயில் வார்த்தை கிடையாது. ஏறி வந்ததும் கேண்டீன் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்ன சமையல்?”

“வெங்காயம், மேடம்.”

“வெங்காயத்தோட?”

“வெங்காயத்தோட… வெங்காயம்தான்.”

அந்த அம்மாள் ஒரு கணம் அவளையே பார்த்தார். “ஏன் அழறீங்க?”

“அதுவும் வெங்காயம்தான் மேடம்.”

பாதி உண்மை.

கப்பல் கிளம்பியது. கரை விலகியதும் சர்வேயர் விரலை உயர்த்தினார், முழு வேகம். கப்பலின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடிற்று. டம்ளர்கள் கிணுகிணுத்தன. உலுக்கு என்றால் அதுதான் உலுக்கு. அதற்குப் பின்னால், எங்கோ சுவருக்குள்ளே, யாரோ கூழாங்கற்களைத் தகரக் குழாயில் கொட்டுவது போல ஒரு சத்தம். கிலுகிலுகிலு. அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். சத்தம் மேலே போயிற்று, பக்கவாட்டில் ஓடிற்று, அவள் காலுக்கடியில் இறங்கிற்று. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

முதல் தகவல் கழிவறையிலிருந்து வந்தது. கயிறு கட்டுகிற ஆள் ஒருவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

“அக்கா! தண்ணி விட்டா சிப்பி வருதுக்கா!”

“கத்தாதடா! எத்தனை வருது?”

“எண்ணிட்டா உக்காந்திருப்பேன்?”

அதே நேரத்தில் முன்தளத்தில் கேப்டன் தீயணைப்புக் குழாயைச் சர்வேயருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து நின்று, குழாயின் முனையைக் கடலை நோக்கிப் பிடித்து, “திற!” என்றார். குழாய் புடைத்தது. நெளிந்தது. முனையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. கேப்டன் புன்னகை மாறாமல் முனையைக் குலுக்கினார். உள்ளே கிலுகிலுப்பை ஆட்டுவது போலச் சத்தம். “சில நேரம் இப்படித்தான்” என்றபடி முனையை இந்தப் பக்கமாகத் திருப்பினார். அது கழன்று கையோடு வந்துவிட்டது.

பிறகு நடந்ததை அவள் ஜன்னல் வழியாகத் தன் கண்ணாலேயே பார்த்தாள். டுப் என்று ஒரு சத்தம். வாயைப் பிளந்த சிப்பிகள், கருப்பும் நீலமுமாக, அழுகல் தண்ணீரோடு கொட்டோ கொட்டென்று கொட்டின. கேப்டனின் வெள்ளைச் சட்டை இருந்த இடம் தெரியவில்லை. சர்வேயரின் மஞ்சள் ஹெல்மெட்டில் டக், டக், டகடகடக் என்று தாளம் விழுந்தது. அந்த அம்மாள் நகரவில்லை. மழை நிற்கட்டும் என்று பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பவர் போல நின்றார். கொட்டுவது ஓய்ந்ததும், தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பியை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. கேண்டீனில் இருந்த வாளி, அண்டா, ஜல்லிக்கரண்டி, பெரிய சல்லடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

இன்ஜின் அறையில் டமாரத்தைத் தவிர யாருடைய வாய்ப்பேச்சும் எடுபடாது. கைதான் வாய். உள்ளங்கையை மேலே தூக்கினால் சூடு ஏறுகிறது. கவிழ்த்து இறக்கினால் இறங்குகிறது. காதைப் பிடித்துக்கொண்டால், தப்பு என்னுடையது. வீட்டில் பால் பொங்கினாலும் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவளைக் கண்டதும் சீஃப் உள்ளங்கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். முள், சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே துடித்துக்கொண்டிருந்தது.

அங்கே இரண்டு வடிகட்டிகள். ஒன்றில் தண்ணீர் ஓடும்போது இன்னொன்றைத் திறந்து கழுவலாம். சாதாரணமாக மாதத்துக்கு ஒரு தடவை நடக்கிற வேலை. அன்றைக்கு ஒன்றைத் திறந்து மூடுவதற்குள் மற்றது நிறைந்தது. டமாரம் கூடையை உருவி வாளியில் கொட்ட, அவள் அதை ஏணியடிக்குத் தூக்க, கயிறு கட்டுகிறவன் மேலே இழுக்க, சமையல் பாத்திரமெல்லாம் சிப்பியால் நிறைந்தது. அண்டா நிறைந்ததும் சல்லடை, சல்லடை நிறைந்ததும் அவள் தன் ஏப்ரனை விரித்துப் பிடித்தாள். முள் ஒரு மயிரிழை ஏறும், கூடை மாறும், அரை மயிரிழை இறங்கும். சீஃப் வால்வைத் திருகிக்கொண்டே அவளைப் பார்த்தார். முகமெல்லாம் சேறு, மீசையில் ஒரு சின்னச் சிப்பி தொங்கியது. அவர் மெதுவாகத் தன் காதைப் பிடித்துக்கொண்டார்.

அவள் ஏப்ரனை ஒரு கையால் பிடித்தபடி மறுகையால் தன் காதைப் பிடித்தாள். சுடுதண்ணீர் யோசனை அவளுடையதாயிற்றே.

டமாரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சேறு படிந்த இரண்டு கையாலும் தன் இரண்டு காதையும் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சீஃபுக்கும் தொற்றிக்கொண்டது. பத்து வருஷம் கடலில் தனியாகக் கிடந்த மனுஷன், வாழ்க்கையே வழுக்கிப் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில், வால்வைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. சிரிக்கச் சிரிக்கக் கூடையை உருவினார்கள், கொட்டினார்கள், மூடினார்கள். ஏப்ரன் முடிச்சு அவிழ்ந்து அத்தனை சிப்பியும் அவள் செருப்பில் கொட்டியது. அதற்கும் சிரிப்பு.

யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால், சர்வேயர். ஹெல்மெட்டிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் சிலையானார்கள். அந்த அம்மாள் முள்ளைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி சிப்பியை அள்ளி டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு அவர்கள் காதுக்குள் கத்தினார்.

“உயிரோட ஒண்ணு காட்டுங்க!”

எதற்கு என்று யார் கேட்பது? மேடம் கேட்டால் கொடுக்க வேண்டும். மூன்று பேரும் மண்டியிட்டு அண்டாவிலும் வாளியிலும் கையை விட்டுத் துழாவினார்கள். பிளந்தது, பிளந்தது, பிளந்தது. இறுக மூடியது ஒன்றுகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பெல்லாம் வடிந்தது. ஒரே ஒரு சிப்பி. கடலே, ஒரே ஒரு சிப்பி உயிரோடு கொடு. இவர் வீட்டில் இருக்கட்டும்.

டமாரம் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். “மேடம்! இது உயிரோட இருக்கு! பாருங்க, கண்ணடிக்குது!”

அது அவன் விரலிடுக்கில் பொடிப்பொடியாகக் கொட்டியது.

“அவ்வளவுதானா? வேற இல்லையா?”

“இல்ல மேடம்” என்று அவர் காதருகே கத்தினார் சீஃப். தோற்றுப்போன குரல். “ஒண்ணுகூட இல்ல.”

“நல்லது” என்று பதிலுக்குக் கத்தினார் அந்த அம்மாள். “வந்ததெல்லாம் செத்தது. அப்ப உள்ள மறுபடியும் வளர்றதுக்கு ஒண்ணும் இல்ல. செத்தது முழுக்க வெளியில வர்ற வரைக்கும் ஓட்டுங்க. முள் கோட்டைத் தொடக் கூடாது.”

ஓட்டினார்கள். அந்தக் கரையைத் தொட்டுத் திரும்பும் வழியில் கூடையில் பாதிதான் நிறைந்தது. பிறகு கால் கூடை. பிறகு ஒரு பிடி. சொந்தக் கரை கண்ணுக்குத் தெரிந்தபோது டமாரம் உருவிய கூடையில் ஒரே ஒரு ஓடு, வெறும் ஓடு. சீஃப் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல, மெல்ல, இடுப்புக்குக் கீழே வரை இறக்கினார்.

இறங்கும்போது சர்வேயர் சீஃபைக் கூப்பிட்டார். “புதுத் தண்டு மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு மேடம்.”

“இனிமே விளக்கைத் துடைச்சிட்டு நிக்காதீங்க. தண்டைக் கழட்டிப் பாருங்க.” விளக்கு சமாசாரம் அவருக்கு யார் சொன்னது? டமாரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கப்பல் ஓடலாம்.”

ரெண்டடி நடந்தவர் கேண்டீன் ஜன்னலில் நின்றார்.

“அந்த வெங்காயம் மிச்சம் இருக்கா?”

ஒரு பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்பினாள். கேப்டன் மட்டும் வெகுநாள் வரை அவளோடு பேசவில்லை. டீ வேண்டுமென்றால் விரலைக் காட்டுவார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் மூவரையும் சுற்றி நாலு இருக்கை காலியாகவே வந்தது. வீட்டில் சீஃப் சோப்பு தேயத் தேயக் குளித்தார். எலுமிச்சை தேய்த்துக் குளித்தார். போகவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்து, டமாரம் சர்வேயர் மாதிரி நடந்து காட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பார்க்காமல் கையை நீட்டி இழுப்பறையைத் திறந்து ஸ்பூனை எடுத்தார்.

தலையணை, துண்டு, கதவின் கைப்பிடி என்று அவர் தொட்ட இடமெல்லாம் சிப்பி நாற்றம். எல்லாவற்றையும் துவைத்துக் காயப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, அவரைத் திட்டித் தீர்த்து, ஒரு வாரம் பாடுபட்டு அதை அவள் வீட்டை விட்டு விரட்டினாள். அவர் இல்லாத இந்த நாட்களில் நினைத்துப் பார்த்தால், அவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம்.